ஜேர்மனியில் வளரும் பிள்ளைக்கு இறைநம்பிக்கையை எப்படிக் கொடுப்பது?

வைகறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நோர்த்ரைன் வெஸ்ட்பாலியா மாநிலத்தில் வசிக்கிறோம். எங்கள் மகனுக்கு ஐந்து வயது. அடுத்த கோடை முடிந்ததும் முதலாம் வகுப்புக்குப் போகிறான். பள்ளிப் பதிவை நவம்பர் 15ஆம் திகதிக்குள் முடிக்க வேண்டும். படிவத்தில் பிள்ளையின் சமயம் என்ன என்றும், எந்தச் சமய வகுப்பில் சேர்க்க விரும்புகிறீர்கள் என்றும் கேட்டிருக்கிறார்கள். முதலாவது கேள்விக்கு விடை எழுதிவிட்டேன். இரண்டாவதை யோசிக்கத் தொடங்கியதும், அதற்குப் பின்னால் மறைந்திருந்த வேறு கேள்விகளும் எழுந்துவிட்டன. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மகன் மூன்று வயதிலிருந்து தேவாலயம் ஒன்று நடத்தும் கிண்டர்கார்டனுக்குப் போகிறான். வீட்டுக்கு அருகில் அங்கேதான் இடம் கிடைத்தது. ஆசிரியைகள் அன்பானவர்கள், அவனும் விருப்பத்தோடு போகிறான். நவம்பர் 11ஆம் திகதி வரும் புனித மார்ட்டின் நாளுக்காக இப்போது எல்லாப் பிள்ளைகளும் காகித விளக்குச் செய்துகொண்டிருக்கிறார்கள். குளிரில் நடுங்கிய ஏழை ஒருவருக்குத் தன் மேலங்கியை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்த குதிரைவீரரின் கதை அவனுக்கு மனப்பாடம். குளித்துவிட்டு வந்ததும் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, கையையே வாளாக ஓங்கி, பாதி எனக்கு என்று நடித்துக் காட்டுகிறான். அதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

ஆனால் அண்மையில் ஒரு மாலை அவன் சாமித்தட்டின் முன்னால் நின்று, "அம்மா, பிள்ளையாருக்கு டொச் (ஜேர்மன் மொழி) விளங்குமா?" என்று கேட்டான். விளங்கும் என்றேன். "அப்படியென்றால் கிண்டர்கார்டனில் ஏன் அவரை ஒருவருக்கும் தெரியாது?" என்றான். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் நான் வளர்ந்தபோது சமயத்தை எனக்கு யாரும் உட்காரவைத்துக் கற்பித்ததாக நினைவில்லை. காலையில் கோவில் மணி கேட்கும், அம்மம்மா தேவாரம் பாடிக்கொண்டே முற்றம் கூட்டுவார், பாடசாலையில் சைவசமயம் ஒரு பாடம், திருவிழாக் காலத்தில் ஒழுங்கை முழுவதும் ஒரே திசையில் நடக்கும். என் அம்மா கடவுளைப் பற்றி என்னிடம் தனியாகப் பேசவேண்டிய தேவையே இருக்கவில்லை. இங்கே அந்த மணியும் அந்த முற்றமும் அந்த ஒழுங்கையும் நான் ஒருத்தியே ஆகவேண்டியிருக்கிறது. கணவருக்குச் சுழற்சிமுறை வேலை. இவற்றை நான் பார்த்துக்கொள்வேன் என்று அவர் விட்டுவிட்டார். எனக்கோ, மகன் பிறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை விளக்குக்கூட ஒழுங்காக ஏற்றமுடிவதில்லை. களைப்பு ஒரு காரணம். ஆனால் உண்மையில் நான் எவ்வளவு நம்புகிறேன் என்ற கேள்வியும் சில இரவுகளில் வருகிறது.

இந்த வருடம் என் தந்தையார் ஊரில் காலமானார். அம்மப்பா வானத்தில் கடவுளோடும் தேவதூதர்களோடும் இருக்கிறார் என்று ஆசிரியை மகனுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார். அம்மப்பாவுக்கும் இறக்கை முளைத்துவிட்டதா என்று அவன் என்னிடம் கேட்கிறான்.

அவனைக் கிறிஸ்தவ சமய வகுப்பில் சேர்ப்பது சரியா? உறுதியான நம்பிக்கை இல்லாத தாய் பிள்ளைக்கு நம்பிக்கையைக் கற்பிப்பது நேர்மையான செயலா, வெறும் நடிப்பா? அனுபவமுள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முல்லை எழுதியது:

வைகறை, முதலில் படிவத்தைப் பார்ப்போம்; அதற்குத் திட்டமான விடை உண்டு. நான் ஓர் ஆரம்பப் பள்ளியின் பிற்பகல் பராமரிப்பில் வேலை செய்கிறேன், இந்தக் கேள்வியோடு வரும் தாய்மாரை ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பார்க்கிறேன்.

ஜேர்மன் அரசியலமைப்பின் 7ஆம் பிரிவின்படி அரசுப் பள்ளிகளில் சமயம் ஒரு வழமையான பாடம். பிள்ளை அதில் பங்குபற்றுவதா என்று தீர்மானிக்கும் உரிமையையும் அதே பிரிவு பெற்றோருக்குத் தருகிறது. வேண்டாம் என்று நீங்கள் எழுதினால் அதற்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை. நம் மாநிலத்தில் கத்தோலிக்க, எவாஞ்சலிக்க (புரட்டஸ்தாந்து) பாடங்களோடு 2012 முதல் இஸ்லாமிய சமய பாடமும் நடக்கிறது. சைவப் பிள்ளைகளுக்கு அப்படியொரு வகுப்பு இல்லை. வேறு சமயத்துப் பிள்ளை கிறிஸ்தவ வகுப்பில் இருக்க விரும்பினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே அரசு ஆரம்பப் பள்ளிகளிலேயே கத்தோலிக்கப் பள்ளி, எவாஞ்சலிக்கப் பள்ளி என்று சமயம் சார்ந்தவை பல உண்டு. அவை தனியார் பள்ளிகள் அல்ல, கட்டணமும் இல்லை. ஆனால் அங்கே சேர்க்கும்போது, அந்தச் சமய அடிப்படையில் பிள்ளை கற்பதற்கு உங்கள் சம்மதத்தைக் கேட்பார்கள். பள்ளியின் பெயரைப் படிக்காமல், பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் கையெழுத்திட வேண்டாம்.

பிள்ளைகளின் சமய வளர்ப்பைப் பற்றி இந்த நாட்டில் 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்றும் நடைமுறையில் உள்ளது. பன்னிரண்டு வயதுக்குப் பின் பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக வேறு சமயத்தில் வளர்க்க முடியாது. பதினான்கு வயதில் தன் சமயத்தைப் பிள்ளையே தீர்மானிக்கலாம். பவேரியாவிலும் சார்லாந்திலும் சமய வகுப்பிலிருந்து தானாக விலகப் பதினெட்டு வயதாக வேண்டும். நம் மாநிலத்தில் பதினான்கு போதும். இதை உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இன்று நீங்கள் படிவத்தில் எழுதுவது அவனை ஆயுளுக்கும் கட்டாது என்பதற்காகவே சொல்கிறேன்.

என் மூத்த மகள் எவாஞ்சலிக்க வகுப்பில் இருந்தாள். இளையவள் இருக்கவில்லை, அந்த நேரத்தில் வேறு அறையில் மற்றப் பிள்ளைகளோடு படம் கீறிக்கொண்டிருந்தாள். இன்று இருவரில் கோவிலுக்கு அதிகம் போகிறவள் மூத்தவளே. வகுப்பில் கேட்ட ஒவ்வொரு கதைக்கும் வீட்டில் ஒரு கதை கேட்டு நச்சரித்தவள் அவள். அவளுக்குச் சொல்வதற்காகவே நான் நாயன்மார் கதைகளைத் திரும்பப் படித்தேன். எனவே வகுப்பு பிள்ளையை நம்மிடமிருந்து கொண்டுபோய்விடும் என்ற அச்சம் எனக்கு இல்லை. வகுப்பில் ஒன்று கேட்டுவிட்டு வரும்போது வீடு ஊமையாக இருந்தால், அங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது.

உங்கள் மகன் துவாயைப் போட்டுக்கொண்டு நடிப்பதைப் படித்ததும் எனக்கு இளையான்குடி மாறநாயனார் நினைவு வந்தது. செல்வமெல்லாம் போய்விட்ட காலத்தில், நள்ளிரவில், கொட்டும் மழையில் ஓர் அடியார் பசியோடு வருகிறார். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. பகலில் விதைத்த நெல் வயலில் மிதக்குமே என்று மனைவியார் நினைவுபடுத்த, நாயனார் இருட்டில் காலால் வழி தடவிப் போய் அந்த முளைநெல்லை வாரிக்கொண்டு வருகிறார். விறகு இல்லை என்றதும் வீட்டுக் கூரையின் வரிச்சுகளை அறுத்துக் கொடுக்கிறார். உணவு தயாரானதும் அடியாரை எழுப்பப் போனால் அங்கே இறைவன் சோதியாக நிற்கிறான். மார்ட்டின் கதையின் முடிவையும் ஆசிரியையிடம் கேட்டுப்பாருங்கள்: அன்றிரவு அவர் கனவில் இயேசு வருகிறார், தோளில் அந்தப் பாதி மேலங்கி. பசியோடும் குளிரோடும் வந்தவர் யார் என்பதற்கு இரண்டு கதைகளும் ஏறக்குறைய ஒரே விடையைத்தான் சொல்கின்றன. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டையும் ஒரே இரவில் சொல்லலாம். ஒன்று உண்மை, மற்றது பொய் என்று அவனுக்குத் தோன்றாது. இறைவன் எங்கேயும் இப்படித்தான் வருவார்போல என்று அவனே எடுத்துக்கொள்வான்.

கிண்டர்கார்டனில் ஏன் பிள்ளையாரைத் தெரியாது என்று கேட்டால், இன்னும் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்பதே உண்மையான விடை. ஆசிரியையிடம் பேசி, ஒருநாள் மகன் தன் பிள்ளையார் சிலையைக் கொண்டுபோய்க் காட்டலாமா என்று கேளுங்கள். நான் பார்த்தவரையில், கேட்டவர்களுக்கு மறுப்பு வருவது அரிது.

மழைத்துளி எழுதியது:

நான் கத்தோலிக்கத் தாய். எங்களுக்கு இந்த நாட்டில் இது எளிது என்று சைவ நண்பர்கள் நினைப்பதுண்டு. ஞாயிறு பூசைக்கு வந்து பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும்: பெரிய கோவில், முன்வரிசைகளில் சில முதியவர்கள், பிள்ளைகளென்றால் எங்கள் இருவர். 2022இல் கத்தோலிக்க, எவாஞ்சலிக்க திருச்சபைகளின் உறுப்பினர்கள் சேர்ந்தும் ஜேர்மனியின் மக்கள்தொகையில் பாதிக்குக் கீழே போய்விட்டார்கள். என் மகளின் வகுப்பில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் பலர். ஆனால் இரவில் படுக்கும்முன் செபிக்கிற பிள்ளை தான் ஒருத்திதான் என்று அவள் சொல்கிறாள். உங்கள் மகனும் என் மகளும் ஒரே பக்கத்தில்தான் நிற்கிறார்கள், வைகறை. கடவுளோடு பேசுவது வழக்கமாக உள்ள வீட்டுப் பிள்ளைகள் இங்கே குறைவு, அவர் பெயர் எதுவாக இருந்தாலும்.

நம்பிக்கை உறுதியாக இல்லாதபோது கற்பிப்பது நடிப்பா என்று கேட்டிருந்தீர்கள். செபம் வராத காலங்கள் எனக்கும் இருந்தன. மகள் குறைமாதத்தில் பிறந்து மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, செபமாலையைக் கையில் வைத்திருந்தேனே தவிர ஒரு சொல்லும் வரவில்லை. என் அம்மா ஊரிலிருந்து தொலைபேசியில் செபமாலை சொல்ல, நான் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தேன். அதை நான் நடிப்பாக எண்ணவில்லை. என்னால் சொல்லமுடியாததை எனக்காக இன்னொருவர் சொன்னார், அவ்வளவுதான். இப்போது மகளுக்காக நான் சொல்கிறேன்.

இறந்தவர்களைப் பற்றிய கேள்விக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். நீங்கள் நம்பாத விடையை, அது இனிமையாக இருக்கிறது என்பதற்காகச் சொல்லாதீர்கள். ஆசிரியை தன் நம்பிக்கையிலிருந்து ஆறுதல் சொன்னார். அது அவருடைய அன்பு. உங்கள் மரபில் அம்மப்பா சிவனடி சேர்ந்தார் என்று சொல்வீர்கள் அல்லவா? அதையே சொல்லுங்கள். அது எப்படி இருக்கும் என்று கேட்டால், எனக்கும் முழுவதும் தெரியாது, ஆனால் அவர் பத்திரமாக இருக்கிறார் என்று அம்மா நம்புகிறேன் என்று சொல்லலாம். அம்மாவுக்கும் தெரியாதது உண்டு என்பதைச் சிறு பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஆகஸ்டில் கேவலார் தமிழர் யாத்திரைக்கு ஒருமுறை மகனோடு வாருங்கள். 1642இலிருந்து துயருற்றோரின் ஆறுதலான அன்னையைத் தேடி மக்கள் வரும் இடம் அது. சைவக் குடும்பங்களும் நிறைய வருகின்றன. நெற்றியில் திருநீறோடு மெழுகுதிரி ஏற்றுகிற தாய்மாரை அங்கே சாதாரணமாகக் காணலாம்.

பாலைநிலம் எழுதியது:

எனக்குச் சமய நம்பிக்கை இல்லை, ஆகவே அந்தப் பகுதிக்குள் நான் வரவில்லை. ஆனால் வைகறையின் பதிவில் ஒரு வரியை எல்லோரும் கடந்துபோய்விட்டீர்கள்: "இவற்றை நான் பார்த்துக்கொள்வேன் என்று அவர் விட்டுவிட்டார்." மொழி, சமயம், உறவினரோடு தொடர்பு என்று ஊரிலிருந்து வந்தவை அனைத்தையும் தாயின் தலையில் வைத்துவிட்டு, பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை, பக்தி வரவில்லை என்று பின்னர் அவளையே கேட்கிறோம். அந்தப் படிவத்தை இருவரும் ஒன்றாக இருந்து நிரப்புங்கள். இறந்தவர் உங்கள் தந்தை. துக்கத்தில் இருக்கும் நீங்களே பிள்ளையின் எல்லாக் கேள்விகளுக்கும் விடையும் தேடவேண்டும் என்றில்லை. அந்தக் கேள்விகளில் சிலவற்றுக்கு உங்கள் கணவரும் விடை தேடட்டும்.

கடலோரம் எழுதியது:

பிள்ளை வைகறை, நான் பேரப்பிள்ளைகள் கண்டவள். எண்பதுகளில் கைக்குழந்தையோடு அகதியாக இங்கே வந்தேன். அகதிகள் விடுதியில் ஓர் அறை, அந்த அறையின் அலுமாரிக்குள் ஒரு முருகன் படம், அதுதான் எங்கள் கோவில். பிறகு எங்கள் ஆட்கள் கட்டடங்களின் நிலவறைகளில் சாமிகளை வைத்துக் கும்பிடத் தொடங்கினார்கள். ஹம் நகரில் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரத்தோடு கோவில் எழுந்து 2002இல் குடமுழுக்கு நடந்தபோது, நிலவறைப் படிகளில் என் கையைப் பிடித்து இறங்கிய மகன் வளர்ந்த இளைஞனாகி என் பக்கத்தில் நின்றான்.

விளக்கு ஏற்றமுடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. ஊரில் பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. தாய் சாமியறைப் பக்கம் போகமாட்டாள். ஆனால் அந்த வீட்டில் விளக்கு நிற்காது. துடக்கில்லாத அயலவர் ஒருவரோ தூரத்து உறவோ வந்து ஏற்றுவார்கள், முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்ததும் தாய் தலைமுழுகிவிட்டு மறுபடியும் எடுத்துக்கொள்வாள். உங்களுக்கு அந்த நாள்களில் ஏற்ற இன்னொருவர் இருக்கவில்லை. விளக்கு அன்று நின்றது, பிறகு இரவும் பகலும் பிள்ளையோடு போய்விட்டன, மீண்டும் தொடங்குவதற்கு ஒரு நாள் வரவில்லை. என் மகளுக்கும் இங்கே அப்படித்தான் நடந்தது. இதை நம்பிக்கைக் குறைவு என்று நீங்கள் உங்களுக்கே சொல்லிக்கொள்ளவேண்டாம். கைமாற்றிக்கொள்ள ஆளில்லாத வீட்டில் எந்த வழக்கமும் நின்றுபோகும். மேலே ஒருவர் கணவரைப் பற்றி எழுதியிருந்தார். எழுதியவருக்குச் சமய நம்பிக்கை இல்லாவிட்டாலும் சொன்னது சரி. உங்களால் முடியாத வெள்ளிக்கிழமையில் உங்கள் கணவர் ஏற்றட்டும். ஆண்கள் ஏற்றினாலும் விளக்கு எரியும்.

உறுதியாக நம்பிய பிறகுதான் கும்பிடவேண்டும் என்று எங்கள் தாய்மார் இருந்திருந்தால் ஒரு வீட்டிலும் தேவாரம் கேட்டிருக்காது. என் அம்மா எவ்வளவு நம்பினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டு, கண்ணுக்குள் விழாமல் புருவத்தின் மேல் உள்ளங்கையை விரித்துப் பிடிப்பாரே, அந்தக் கை எனக்குத் தெரியும். உங்கள் மகனுக்கும் அது போதும். பெரிய பூசை வேண்டாம். கிண்டர்கார்டனுக்குப் போகுமுன் திருநீறு பூசிவிடுங்கள், படுக்குமுன் ஒரு தேவாரம், ஒரே ஒரு தேவாரம், அதையே திரும்பத் திரும்பப் பாடுங்கள். பொருள் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விடுங்கள்.

கோடையில் ஹம் தேர்த்திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பல்லாயிரம் பேர் கூடும் தெருவில், பொலிசார் போக்குவரத்தை நிறுத்தி வைத்திருக்க அம்பாள் வருவதை அவன் பார்க்கட்டும். இந்த நாட்டில் நம் சாமியை ஒருவருக்கும் தெரியாது என்ற எண்ணம் அவனுக்கு அங்கே குறையும். ஆனால் திருவிழாவை மட்டும் காட்டிவிட்டு வருடம் முழுவதும் சும்மா இருந்தால், அது அவனுக்கு ஒரு சுற்றுலாதான்.

வைகறை எழுதியது:

உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. கடலோரம் அம்மா எழுதிய துடக்கு நாள்களின் பகுதியைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் வீட்டிலும் அப்படியேதான் நடந்தது. அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தனக்குத் தேவாரம் எதுவும் முழுதாக நினைவில்லையே என்றார். பாடத் தெரிந்தவரைப் பாடினால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

பள்ளியின் பெயரையும் பார்த்தோம். சமயம் சாராத பொதுப் பள்ளிதான். மகனை எவாஞ்சலிக்க வகுப்பில் சேர்ப்பதென்று இருவரும் தீர்மானித்திருக்கிறோம், ஓர் ஆண்டு பார்த்துவிட்டுத் தேவையென்றால் மாற்றலாம். அம்மப்பாவைப் பற்றி மழைத்துளி எழுதியதுபோலவே சொன்னேன். "அப்ப சிவனுக்கு அம்மப்பாவைத் தெரியுமா?" என்று கேட்டான், தெரியும் என்றேன். அந்த விடையைச் சொல்லும்போது எனக்குத் தயக்கம் இருக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

முல்லையிடம் இன்னொரு கேள்வி. பள்ளியின் முதல் நாளில் தேவாலயத்தில் ஒரு வழிபாடு நடக்கும் என்கிறார்கள். அதற்கும் போகவேண்டுமா?

முல்லை எழுதியது:

கட்டாயம் இல்லை, வைகறை. அது பெரும்பாலும் இரண்டு திருச்சபைகளும் சேர்ந்து நடத்தும் வழிபாடு. வராத பிள்ளைகள் நேராகப் பள்ளி மண்டபத்து விழாவுக்கு வந்துவிடலாம், யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள். நாங்கள் இரு பிள்ளைகளோடும் போனோம். முடிவில் புதுப் பிள்ளைகளை முன்னால் அழைத்து ஆசீர்வதிப்பார்கள், சில இடங்களில் தலையில் கை வைப்பதும் உண்டு. அதில் மகன் சேரவேண்டுமா, இருக்கையிலேயே உங்களோடு இருக்கவேண்டுமா என்பதை முன்கூட்டியே இருவரும் பேசி முடிவெடுத்து அவனுக்கும் சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் அங்கே வைத்து யோசித்தால் பிள்ளை குழம்பிவிடும். அன்று காலையில் வீட்டில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போவதானால் கொஞ்சம் முன்னதாகவே எழும்புங்கள். எட்டு மணிக்கெல்லாம் வழிபாடு தொடங்கிவிடும் பள்ளிகளும் உண்டு, கோடை விடுமுறைக்கு முன் வரும் கடிதத்தில் நேரத்தைப் பாருங்கள்.